பல களஞ்சியங்கள், ஒரு பேரேடு: மென்பொருள் உழைப்பை அளத்தல் பற்றிய சில சிந்தனைகள்

மென்பொருள் ஆக்கம் இன்று தனியொருவரின் முயற்சியாக அன்றிப் பலரின் கூட்டுழைப்பாகவே பெரும்பாலும் நடைபெறுகின்றது. பலர் எழுதும் நிரல்களைச் சேர்த்துவைத்து, எவர் எப்பொழுது எதனை மாற்றினார் என்னும் வரலாற்றையும் அவற்றோடு பேணும் இடத்தைக் களஞ்சியம் என்பர். அவ்வரலாற்றைப் பேணும் கருவிகளுள் மிகப் பரவலாக வழங்குவது, லினக்ஸ் கருநிரலின் தேவைக்காக லினஸ் ரோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டில் ஆக்கிய 'கிற்' ஆகும். களஞ்சியங்களை இணையத்தில் வைத்துப் பேணிக்கொடுக்கும் சேவைகளுள் கிற்ஹப்பும் பிற்பக்கெற்றும் 2008 இல் தோன்றின. கிற்லாப் 2011 இல் தோன்றியது. பிற்பக்கெற் தொடக்கத்தில் வேறொரு வரலாற்றுக் கருவிக்காக அமைந்து, பின்னரே கிற்றை ஏற்றுக்கொண்டது. கிற்ஹப்பை 2018 ஆம் ஆண்டில் மைக்றோசொவ்ற் நிறுவனம் 7.5 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்குவதாக அறிவித்தமை, இக்களஞ்சியங்களில் அடங்கியுள்ள உழைப்பின் பெறுமதியை ஒருவாறு உணர்த்தும்.

ஒரு நிறுவனம் இச்சேவைகளுள் ஒன்றனைத் தெரிந்து அதனுடனேயே நின்றுவிடும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு கம்பனி மற்றொன்றை வாங்கும்பொழுது வாங்கப்பட்ட கம்பனியின் களஞ்சியங்கள் பழைய இடத்திலேயே இருந்துவிடுகின்றன. இரகசியம் காக்கவேண்டிய பகுதியைத் தனது சொந்தக் கணனியில் நிறுவிய கிற்லாப்பிலும், உலகுக்குத் திறந்துவிட்ட பகுதியைக் கிற்ஹப்பிலும் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. இலங்கையின் மென்பொருள் நிறுவனங்களில் இந்நிலைமை இன்னும் தெளிவாகத் தோன்றும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வேலைசெய்யும் குழுவொன்று காலையில் ஒரு வாடிக்கையாளரின் கிற்ஹப் கணக்கிலும், மாலையில் தன் சொந்தக் கம்பனியின் பிற்பக்கெற் கணக்கிலும் எழுதவேண்டியிருக்கலாம். உழைப்பவர் ஒருவரே, அவர் உழைப்பின் சுவடுகளோ பல இடங்களிற் சிதறிக் கிடக்கின்றன.

இச்சிதறலைச் சேர்த்து ஓரிடத்திற் காட்டுவதற்கென எழுந்தவையே மென்பொருட் குழுப் பகுப்பாய்வுக் கருவிகள். எத்தனை மாற்றங்கள் பதியப்பட்டன, ஒரு மாற்றம் எழுதப்பட்ட கணத்திலிருந்து பயனரைச் சென்றடையும்வரை எத்தனை நாட்கள் கழிந்தன, பிறரது மதிப்பீட்டுக்காக அது எவ்வளவு காலம் காத்துக்கிடந்தது என்பன போன்ற கணக்குகளை இவை வரைபடங்களாகத் தருகின்றன. இது சிறு வணிகமன்று. கிற்பிறைம் என்னும் இத்தகைய கருவியொன்றை 2019 ஆம் ஆண்டில் புளூரல்சைற் நிறுவனம் 170 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கட்டற்ற மென்பொருள் வகையிலும் இவை உள. லினக்ஸ் அறக்கட்டளையின் கேயொஸ் திட்டத்தைச் சார்ந்த கிறிமொயர்லாப்பும், 2022 இல் அப்பாச்சி அறக்கட்டளையின் வளர்ப்பகத்திற் சேர்ந்த டெவ்லேக்கும் குறிப்பிடத்தக்கன.

பல கணக்குகளை ஒரு கருவியுடன் இணைப்பது குழாய் பொருத்துவது போன்ற வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. முகவரியைக் கொடுத்து, சாவியைக் கொடுத்து, பொத்தானை அழுத்திவிட்டாற் காரியம் முடிந்தது என்பர். எமது நோக்கில் அது அவ்வாறன்று. எவருடைய உழைப்பு எவர் பெயரில் எழுதப்படும் என்பதும், எவருடைய வேலையை எவர் பார்க்கலாம் என்பதும் இவ்விணைப்பின்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. பின்னர் எழும் வரைபடங்கள் யாவும் அத்தீர்மானத்தின் நிழல்களே. ஆதலின் இணைப்பின் உள்ளமைப்பைச் சற்று நுணுகி நோக்குவது அவசியமாகின்றது.

கிற்றின் வரலாற்றில் அடிப்படை அலகு 'கொமிற்' எனப்படும். அதனை இங்குப் பதிகை என வழங்குவோம். ஒவ்வொரு பதிகையிலும் என்ன மாற்றப்பட்டது என்பதோடு, அதனை எழுதியவரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, எழுதிய நேரம் ஆகியனவும், அதனைக் களஞ்சியத்திற் சேர்த்தவரின் பெயர், முகவரி, நேரம் ஆகியனவும் தனித்தனியே அடங்கியிருக்கும். எழுதியவரும் சேர்த்தவரும் பெரும்பாலும் ஒருவரே எனினும், இருவராகவும் இருக்கலாம். இவை அனைத்தையும் கொண்டு கணிக்கப்பெறும் 40 எழுத்திலக்க நீளமான அடையாளக்குறியொன்று பதிகைக்கு வழங்கப்படும். இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். எழுதியவரின் பெயரையும் முகவரியையும் எவரும் சரிபார்ப்பதில்லை. நிரலாளர் தமது கணனியில் ஒரு தடவை எதனை எழுதிவைத்தாரோ அதுவே பதிகைதோறும் செல்லும். இலத்திரனியற் கையொப்பம் இடப்பட்ட பதிகைகளில் மட்டுமே ஓரளவு உறுதிப்பாடு உண்டு.

இதன் விளைவு யாது? ஒருவர் அலுவலகக் கணனியில் கம்பனி முகவரியுடனும், வீட்டுக் கணனியிற் சொந்த முகவரியுடனும் எழுதுகின்றார். கிற்ஹப்பின் இணையப் பக்கத்திலேயே ஒரு சிறு திருத்தத்தைச் செய்யும்பொழுது, முகவரியை மறைக்க விரும்பியவருக்கு அச்சேவையே வழங்கும் பதில் வேண்டா முகவரியொன்று பதிவாகின்றது. கம்பனி பெயர் மாறினால் முகவரியின் பிற்பகுதியும் மாறும். ஓர் ஆள் இவ்வாறு நால்வராகின்றார். ஒரு சேவைக்குள் இக்குழப்பத்தை ஓரளவு தீர்க்க வழியுண்டு. கிற்ஹப்பில் ஒருவர் தம் முகவரிகள் அனைத்தையும் தம் கணக்கிற் சேர்த்துவைப்பின், அப்பதிகைகள் யாவும் அவர் பெயரிற் காட்டப்படும். ஆயின் கிற்ஹப் அறிந்த இவ்வுண்மையைக் கிற்லாப் அறியாது. இரண்டையும் ஒரு கருவியில் இணைக்கும்பொழுது ஆட்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு அக்கருவியின்மீது விழுகின்றது.

கருவிகள் இதற்குக் கைக்கொள்ளும் முறைகள் பலவகைப்படும். முகவரி ஒன்றாயின் ஆளும் ஒருவரே எனக் கொள்வது எளியதும் பெரும்பாலும் சரியானதுமாகும். அதற்கு அப்பாற் சென்று, பெயர் ஒன்றாயின் ஆள் ஒருவர் எனக் கொள்ளும்பொழுதே இடர் தொடங்குகின்றது. எம்மவர் பெயர்களை எண்ணிப்பார்த்தால் இதன் ஆபத்துத் தெளிவாகும். தந்தை பெயர் முன்னும் தம் பெயர் பின்னுமாக ஒருவர் எழுதுவார்; முதலெழுத்தை மட்டும் இட்டு மற்றொருவர் எழுதுவார்; முதலெழுத்தைப் பெயரின் பின்னே இடுவாரும் உளர். ரோம எழுத்திற் பெயர்க்கும்பொழுது ஒரே ஒலிக்கு ஓரிடத்தில் ஓரெழுத்தும் பிறிதோரிடத்தில் ஈரெழுத்தும் வரும். ஆக, ஒருவரது ஒரே பெயர் இருவேறு பெயர்களாகத் தோன்றும். மறுபுறத்தில், குமார் என்னும் பெயருடைய இருவர் ஒரே குழுவில் இருப்பது வியப்பன்று. அவ்விருவரும் பேரேட்டில் ஒருவராகிவிடுவர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் மேலைத்தேய வழக்கை உலகப் பொதுவாகக் கொண்ட கருவிக்கு இவ்வேறுபாடுகள் புலப்படுவதில்லை.

இவ்விரு பிழைகளும் சமமானவை அல்ல என்பதையும் சுட்டுதல் வேண்டும். ஒருவர் பலராகப் பிரிந்துகிடப்பின், ஒவ்வொரு பெயரும் உழைப்புக் குறைந்த ஒருவரைப்போலத் தோன்றும். பாதிக்கப்படுபவர் அதனைக் கண்டுபிடிப்பதும் ஓரளவு எளிது. இருவர் ஒருவராக ஒட்டப்படின், ஒருவரது உழைப்பு மற்றவரின் கணக்கிற் சேரும். உழைப்பை இழந்தவர் தம் பெயரே இல்லாத பட்டியலில் தம்மைத் தேடவேண்டும். பெற்றவரோ முறையிடப்போவதில்லை.

கிற்றிலேயே இதற்கொரு பழைய மருந்து உண்டு. 'மெயில்மப்' என்னும் சிறு கோப்பொன்றைக் களஞ்சியத்தினுள் வைத்து, இன்ன பெயரும் இன்ன முகவரியும் இன்னாரையே குறிக்கும் என வரிவரியாக எழுதிவிடலாம். இக்கோப்பின் சிறப்பு அதன் தொழினுட்பத்தில் இல்லை. அது களஞ்சியத்திலேயே, அனைவரும் காணத்தக்க இடத்தில் இருக்கின்றது. தம் பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டவர் தாமே திருத்தத்தை முன்வைக்கலாம். அத்திருத்தத்தின் வரலாறும் அங்கேயே எஞ்சும். கிறிமொயர்லாப்பில் அடையாளங்களை ஒன்றுசேர்ப்பதற்கென்றே 'சோட்டிங்ஹற்' என்னும் தனிப்பகுதி உண்டு. டெவ்லேக்கில் ஆட்களின் பட்டியலையும் அவர்தம் கணக்குகளையும் பொருத்தும் அட்டவணைக் கோப்புகளை நிர்வாகி தரவேற்றலாம். பிந்திய இரண்டிலும் அட்டவணை நிர்வாகியின் கையில் இருக்கின்றது. தொழிற்சாலையில் வரவுப் பதிவேடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமானது இவ்வட்டவணை. தம் பெயரின்கீழ் எவை சேர்க்கப்பட்டுள்ளன என்பதைப் பார்க்கவும் திருத்தவும் நிரலாளருக்கு இயலாதபோது, அதன் மேல் எழும் எந்தக் கணக்கையும் நியாயமானதாகக் கொள்வதற்கில்லை.

இனிச் சாவிகளை நோக்குவோம். கருவியானது களஞ்சியத்தை வாசிக்க வேண்டுமாயின் அதற்கு அனுமதிச் சாவி வேண்டும். நிரலாளர் ஒருவர் தமது கணக்கிலிருந்தே சாவியொன்றை உருவாக்கிக் கருவிக்குக் கொடுப்பது ஒரு வழி. 'ஓஓத்' எனப்படும் நியமத்தின்படி, கருவி கேட்கும் அனுமதியை ஒரு பக்கத்தில் வாசித்து அவர் ஒப்புதல் அளிப்பது இன்னொரு வழி. இவ்விரு வழிகளிலும் சாவி அவ்வாளின் அதிகாரத்தையே கடனாகப் பெறுகின்றது. கிற்ஹப்பின் பழைய வகைச் சாவிகளில் மறைவான களஞ்சியமொன்றின் நிரலை வாசிக்க மட்டும் அனுமதி, எழுத அனுமதியில்லை என வரையறுக்க வழியில்லை. எண்ணிக்கை எடுக்க வந்த கருவிக்கு எழுதும் அதிகாரமும் சேர்ந்தே போய்விடுகின்றது. அதே நிறுவனத்தின் 'அப்' எனப்படும் புதிய முறை இதனிலும் மேலானது. நிறுவனக் கணக்கின் நிர்வாகி அதனை நிறுவுவார். எந்தெந்தக் களஞ்சியங்கள், அவற்றில் எவற்றை வாசிக்கலாம் எனத் தனித்தனியே வரையறுக்கலாம். அது பெறும் சாவி ஒரு மணித்தியாலத்திற் காலாவதியாகும். கிற்லாப்பில் வாசிப்புக்கு மட்டுமான சாவிகளை ஒரு குழுமத்தின் பெயரிலேயே உருவாக்கலாம். தனியாளின் பெயரிற் சாவி இருப்பின், அவர் வேலையை விட்டு நீங்கும் நாளில் கணக்கெடுப்பும் நின்றுபோகும் என்பது நடைமுறையில் எவரும் விரைவிற் கண்டுகொள்ளும் உண்மை.

தனியாளின் சாவியிற் பொதிந்துள்ள வேறொரு பிரச்சினையே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. ஒருவர் ஓர் இலவசக் கணக்கை மட்டுமே வைத்திருக்கலாம் என்பது கிற்ஹப்பின் விதி. ஆகவே பலரும் அலுவலக வேலைக்கும், ஓய்வுநேரத்தில் எழுதும் கட்டற்ற மென்பொருளுக்கும், மாணவப் பருவத்துப் பயிற்சிகளுக்கும் ஒரே கணக்கையே பயன்படுத்துகின்றனர். அத்தகைய கணக்கிலிருந்து அகன்ற அனுமதியொன்று வழங்கப்பட்டால், கம்பனியின் களஞ்சியங்களோடு அவருடைய சொந்தக் களஞ்சியங்களும், அவர் அங்கம் வகிக்கும் பிற நிறுவனங்கள் தடை இட்டிருந்தாலன்றி அவற்றின் களஞ்சியங்களும் கருவியின் பார்வைக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒருவர் தம் விருப்பத்துக்காக எழுதியது, திங்கட்கிழமை முகாமையாளரின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறலாம். வேலைநேரத்துக்கும் ஓய்வுநேரத்துக்கும் இடையில் எல்லை வகுப்பதற்காகத் தொழிலாளர் இயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியது. அந்த எல்லையை அனுமதிப் பக்கமொன்றிற் கவனமின்றி இடும் ஒரு சொடுக்கு அழித்துவிடக்கூடும் என்பது சிறு விடயமன்று.

சாவி களவுபோனால் என்ன நேரும் என்பதற்கு உதாரணங்கள் உள. இத்தகைய பகுப்பாய்வுக் கருவியொன்றை நடத்திய வேடெவ் நிறுவனத்தின் தரவுத்தளத்தினுள் 2020 ஆம் ஆண்டில் ஊடுருவியோர், வாடிக்கையாளர் அதற்கு வழங்கியிருந்த கிற்ஹப், கிற்லாப் சாவிகளைத் திருடினர். அச்செய்தி அவ்வாண்டு யூலையில் வெளியாயிற்று. டேவ் என்னும் அமெரிக்க நிதிச்சேவை நிறுவனத்தின் ஏறத்தாழ 75 இலட்சம் பயனர்களின் விவரங்கள் வெளியானமைக்கு வேடெவ்வில் நிகழ்ந்த ஊடுருவலே வழி என டேவ் அறிவித்தது. அவ்வறிவிப்பில் வேடெவ்வை அது தன் முன்னாட் சேவையாளர் எனக் குறித்தமை கவனத்துக்குரியது. உறவு முடிந்த பின்னரும் ஆபத்து முடியவில்லை. 2022 ஏப்பிரலில் ஹெரோக்கு, ற்ராவிஸ் ஆகிய இரு சேவைகளுக்கு வழங்கப்பட்டிருந்த ஓஓத் சாவிகள் திருடப்பட்டு, அவற்றைக்கொண்டு பல நிறுவனங்களின் மறைவான களஞ்சியங்கள் இறக்கப்பட்டதாகக் கிற்ஹப் அறிவித்தது. ஐந்து கணக்குகளை ஒரு கருவியில் இணைப்பவர் ஐந்து வீடுகளின் திறப்புகளை ஒரே ஆணியில் மாட்டுகின்றார்.

இணைப்பு முடிந்து தரவு வரத்தொடங்கியதும் வேறொரு கேள்வி எழுகின்றது. வேறுபட்டவற்றை எவ்வாறு கூட்டுவது? கிற்ஹப்பில் 'இழுப்புக் கோரிக்கை' எனப்படுவது கிற்லாப்பில் 'இணைப்புக் கோரிக்கை' எனப்படும். இது பெயர் வேறுபாடு மாத்திரமே. கருவிகள் இதனைச் சமாளித்துவிடுகின்றன. கிற்ஹப்பின் 'நிறுவனம்' ஓரடுக்குடையது. கிற்லாப்பின் 'குழுமம்' உட்குழுமங்களாகக் கிளைத்துச் செல்லும். பிற்பக்கெற்றிலோ வேலைத்தளம், திட்டம் என இரு படிகள் உள. இவற்றை ஒரு குழுவின் எல்லையோடு பொருத்துவதற்கு மனிதர் அமர்ந்து முடிவுசெய்ய வேண்டும். கிற்ஹப் ஒரு பயனருக்கு மணித்தியாலத்துக்கு 5,000 வினாக்கள் என வரம்பு விதித்திருப்பதால், பெரிய களஞ்சியங்களின் பழைய வரலாற்றைக் கொண்டுவர நேரம் எடுக்கும் என்பதையும் போகிறபோக்கிற் குறிப்பிடலாம்.

உண்மையான சிக்கல் வேலைப் பழக்கங்களில் உள்ளது. ஒரு குழு தனது கிளையில் எழுதிய 20 பதிகைகளையும் முதன்மைக் கிளையில் அவ்வாறே சேர்க்கின்றது. இன்னொரு குழு அவற்றை நசுக்கி ஒரே பதிகையாக்கிச் சேர்க்கின்றது. இரண்டும் செம்மையான வழக்கங்களே. ஆயின் பேரேட்டில் முதற்குழு இருபது மடங்கு உழைத்ததாகத் தோன்றும். ஒரு களஞ்சியத்தின் நேர்ப்பிரதி இன்னொரு சேவையிலும் வைக்கப்பட்டிருந்தால், இரு பிரதிகளிலும் அடையாளக்குறி ஒன்றாகவே இருக்கும் என்பதால் நல்ல கருவி ஒன்றை நீக்கிவிடும். ஆனால் வாடிக்கையாளரின் களஞ்சியத்துக்கு மாற்றும்பொழுது பதிகைகள் மறுசீரமைக்கப்பட்டிருப்பின் அடையாளக்குறியும் மாறிவிடும். ஒரே வேலை இரு தடவை எண்ணப்படும். நூலகங்களைப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்களின் பதிகைகளும், இயந்திரம் உருவாக்கிய ஆயிரக்கணக்கான வரிகளும் மனிதரின் கணக்கில் ஏறிவிடுவது பிறிதொரு பொதுவான குறை.

எண்ணப்படாதவை இவற்றிலும் அதிகம். புதிதாக வந்த ஒருவருக்கு அருகிலிருந்து இரண்டு மணித்தியாலம் விளக்கியவர், பிழையின் காரணத்தை மூன்று நாள் தேடி ஒரே வரியைத் திருத்தியவர், தேவையற்ற பகுதியை எழுதவேண்டாம் எனக் கூட்டத்தில் வாதிட்டு வென்றவர் ஆகியோரின் உழைப்பு எந்தக் களஞ்சியத்திலும் சுவடாக விழுவதில்லை. லினக்ஸ் கருநிரலை ஆக்குவோர் இதனை உணர்ந்து, பதிகையின் அடியில் அதனை மதிப்பிட்டவர், சோதித்தவர், பிழையை அறிவித்தவர் ஆகியோரின் பெயர்களையும் எழுதும் வழக்கத்தைக் கொண்டுள்ளனர். கருவி எதனையும் கட்டாயப்படுத்தாமலே ஒரு சமூகம் தன் மரபினால் மறைந்த உழைப்பைப் பதிவிலே கொண்டுவந்தமைக்கு இது நல்ல சான்று.

நிரல் வரிகளை எண்ணி உழைப்பை அளப்பதன் அபத்தம் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1982 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் லீசா கணனிக்குழுவில், ஒவ்வொருவரும் கிழமைதோறும் எழுதிய வரிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பவேண்டுமென முகாமையாளர் பணித்தனர். பில் அற்கின்சன் என்பார் வரைகலைப் பகுதியொன்றை எளிமையாக்கித் திருப்பி எழுதினார். அது முன்னையிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாக இயங்கியது. வரிகளோ 2,000 குறைந்தன. அவர் படிவத்திற் கழித்தற்குறியிட்டு 2,000 என எழுதிக் கொடுத்தார். சில கிழமைகளின் பின் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டனர் என அவருடன் பணியாற்றிய அன்டி ஹேட்ஸ்பெல்ட் பதிவுசெய்துள்ளார். அற்கின்சன் புகழ்பெற்ற நிரலாளர். ஆதலின் அந்தக் கழித்தற்குறி நகைச்சுவையாகக் கொள்ளப்பட்டது. ஒப்பந்த அடிப்படையில் வேலைசெய்யும் இளைஞர் ஒருவர் அவ்வாறு எழுதினால் என்ன நிகழும் என்பது வாசகர் ஊகத்துக்குரியது.

வேலையை அளப்போர்க்கும் அளக்கப்படுவோர்க்கும் இடையிலான முரண்பாடு மென்பொருளோடு பிறந்ததன்று. பிரெடறிக் ரெயிலரின் 'விஞ்ஞான முகாமை' பற்றிய நூல் வெளியான அதே 1911 ஆம் ஆண்டில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து வோட்டர்ரவுண் ஆயுதசாலையின் வார்ப்புத் தொழிலாளர் தம் வேலையை நிறுத்தற் கடிகாரம் கொண்டு அளப்பதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். இதன் தொடர்ச்சியாக 1915 இல் அமெரிக்கக் கொங்கிரஸ், இராணுவச் செலவினச் சட்டத்தின் வழியே அத்தகைய கடிகார அளவீட்டுக்கு நிதி வழங்குவதைத் தடைசெய்தது. நிரலாக்கமும் அவ்வழியே சிறுசிறு பணிகளாகத் துண்டாடப்பட்டு முகாமையின் கட்டுப்பாட்டுக்குட் கொணரப்படுவதைப் பிலிப் கிறாவ்ற் 1977 ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். நிறுத்தற் கடிகாரத்தைப் பிடித்தவர் தொழிலாளியின் பக்கத்தில் நின்றார். அவரைத் தொழிலாளி கண்டார். களஞ்சியத்துடன் இணைக்கப்பட்ட கருவி எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதே இன்றைய வேறுபாடு.

இக்கருவிகளை முற்றாக நிராகரிக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. நிக்கோல் போர்ஸ்கிறென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் 2018 இல் வெளியிட்ட நூலில் நான்கு அளவுகளை முன்வைத்தனர். மாற்றங்கள் எவ்வளவு அடிக்கடி பயனரைச் சென்றடைகின்றன, ஒரு மாற்றம் சென்றடைய எவ்வளவு காலமாகின்றது, சென்றவற்றில் எத்தனை பழுதாகின்றன, பழுதைத் திருத்தி மீள எவ்வளவு நேரம் பிடிக்கின்றது என்பனவே அவை. இவை அமைப்பின் இயக்கத்தை அளப்பன. தனியாளை அளப்பன அல்ல. மதிப்பீட்டுக்காக மாற்றங்கள் சராசரியாக ஐந்து நாள் காத்திருக்கின்றன என ஒரு குழு அறிந்துகொள்வது, அக்குழுவில் மதிப்பிட ஆட்கள் போதாது என முகாமையிடம் வாதிடுவதற்குக் கருவியாகலாம். போர்ஸ்கிறென் வேறு ஐவருடன் சேர்ந்து 2021 இல் எழுதிய கட்டுரை, உற்பத்தித்திறனை ஓர் எண்ணால் அளக்கவியலாது எனவும், வேலையில் திருப்தி, ஒத்துழைப்பு முதலியனவும் சேர்த்து நோக்கப்படல் வேண்டும் எனவும் வற்புறுத்தியது. பல கணக்குகளை இணைப்பதன் நியாயமான பயன் இங்கேயே உள்ளது. ஒரு மாற்றம் கம்பனியின் களஞ்சியத்திற் பிறந்து வாடிக்கையாளரின் களஞ்சியத்தில் முடிவடையும்போது, இரண்டையும் ஒருங்கே பார்த்தாலன்றி அதன் முழுப் பயணம் தெரியாது.

தனியாளை எண்ணத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகின்றது. அளவுகோல் இலக்காக மாறும்பொழுது அது அளக்கும் தன்மையை இழக்கின்றது என்னும் கருத்தை, சாள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் நாணயக் கொள்கை தொடர்பாகக் கூறியவற்றிலிருந்து பலரும் வளர்த்தெடுத்தனர். கிற்ஹப்பில் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. ஒருவர் இடைவிடாது எத்தனை நாள் பதிகை செய்தார் என்பதைக் காட்டும் எண்ணொன்று அவரவர் பக்கத்தில் முன்னர் இருந்தது. 2016 இல் அது நீக்கப்பட்டது. அந்நீக்கத்தின் விளைவை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வொன்று, நீண்ட தொடர்கள் அருகியதையும், வாரவிறுதி வேலை குறைந்ததையும், ஒரே ஒரு பதிகை மட்டும் செய்யப்பட்ட நாட்கள் குறைந்ததையும் கண்டறிந்தது. சம்பளத்தோடு எவ்வகைத் தொடர்பும் அற்ற ஒரு சிறு எண்ணே ஓய்வுநாளை வேலைநாளாக்க வல்லதாயின், பதவியுயர்வோடு கட்டப்பட்ட எண் என்ன செய்யும்?

அளவீடு எல்லை கடந்தபோது எதிர்ப்பு எழுந்து வென்றதும் உண்டு. மைக்றோசொவ்ற் தனது அலுவலக மென்பொருளில் ஆட்களின் பெயர்களுடன் அமைத்த உற்பத்தித்திறன் மதிப்பெண் 2020 நவம்பரிற் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே தனியாட் பெயர்களை அதிலிருந்து நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. செருமனியில் இவ்விடயம் சட்டத்தின் வழியே கையாளப்படுகின்றது. 1972 ஆம் ஆண்டின் தொழிலக அமைப்புச் சட்டத்தின் 87 ஆம் பிரிவின்படி, ஊழியரின் நடத்தையையோ செயற்றிறனையோ கண்காணிக்கும் தொழினுட்பச் சாதனத்தைப் புகுத்துவதற்கு, ஊழியர் தெரிவுசெய்த தொழிலக மன்றம் உள்ள இடத்தில் அம்மன்றத்தின் உடன்பாடு வேண்டும். கண்காணிக்கும் நோக்கம் எமக்கில்லை என முதலாளி கூறித் தப்பவும் இயலாது. சாதனம் அதற்கு ஏற்றதாயிருந்தாலே போதும் என அந்நாட்டு நீதிமன்றங்கள் கொள்கின்றன. பல களஞ்சியங்களை இணைத்துப் பெயர்வாரியாக எண்ணும் கருவி அவ்வரையறைக்குள் அடங்கும் என்றே நாம் கருதுகின்றோம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைக் காணவும் பிழையைத் திருத்தவும் ஆட்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் ஏற்றுள்ளது. அடையாள அட்டவணை பற்றி மேலே நாம் கூறியதற்கு அவ்வுரிமை நேரடியாகப் பொருந்தும்.

குழுவொன்று இத்தகைய கருவியை ஏற்பதற்கு முன் பேசித் தீர்க்கவேண்டியவை இவற்றிலிருந்து பெறப்படும். சாவி நிறுவனத்தின் பெயரில், வாசிப்புக்கு மட்டும், குறித்த களஞ்சியங்களுக்கு மட்டும் வழங்கப்படுதல் வேண்டும். சொந்தக் கணக்குகள் வெளியே நிற்றல் வேண்டும். பெயர் அட்டவணை அவ்வப் பெயருக்கு உரியவரின் கண்முன் இருத்தல் வேண்டும். வரைபடம் குழுவளவில் நின்றுவிடுதல் வேண்டும். இவற்றுள் இறுதியாகக் கூறியதே மிகுதியாக மறுக்கப்படுவது. ஏனெனில் விற்பனையாளரின் விளம்பரத்தில் முதலில் நிற்பது தனியாள் வரைபடமே. வாடிக்கையாளரின் களஞ்சியம் சம்பந்தப்படுமிடத்து அவரது சம்மதமும் வேண்டும் என்பது பலரும் மறக்கும் விடயம்; களஞ்சியத்தின் உரிமை அவருடையது, அதில் வேலைசெய்வோர் மட்டுமே நம்மவர்.

இணைப்பைத் துண்டிக்கும் முறையும் தொடக்கத்திலேயே எழுதப்படல் வேண்டும். சேவையை நிறுத்திக் கட்டணத்தை முடித்துக்கொள்வதால் மட்டும் சாவி அழிந்துவிடுவதில்லை. கிற்ஹப், கிற்லாப், பிற்பக்கெற் ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் தனித்தனியே சென்று அதனை நீக்கவேண்டும். புதிய மாற்றங்களைக் கருவிக்கு அறிவிக்கும் தூதுமுகவரிகள் களஞ்சியங்களில் எஞ்சியிருப்பின் அவற்றையும் அகற்றவேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் புதிய தரவு செல்வது மட்டுமே நிற்கும். முன்னரே பிரதிசெய்யப்பட்ட பதிகைகளின் வரலாறும், இன்ன முகவரி இன்னாருடையது என ஒன்றுசேர்த்த அட்டவணையும் விற்பனையாளரின் தரவுத்தளத்திலேயே இருக்கும். அவற்றை அழிக்குமாறு தனியே எழுதிக்கேட்டு, அழித்தமைக்கு எழுத்தில் உறுதியும் பெறவேண்டும்.